வெந்நீர் ஊற்றுக்குப் போன ஐசி

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமாக ஒரு கட்டில், ஒரு நுளம்பு வலை, ஒரு மின்விசிறி இருந்தன. நித்திரை மட்டும் எனக்குத் தனியாக இருந்தது. என் மனுசன் அதில் பங்கு கேட்டு வருவதே இல்லை. நான் தலையணையில் தலை வைத்தால் போதும், பிறகு தெருவால் தேர் போனாலும் தெரியாது. அவர் பக்கத்தில் கிடந்து, வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் வருகிற ஒவ்வொரு வாகனத்துக்கும் காது கொடுத்துக்கொண்டிருப்பார். எது ஓட்டோ, எது வான், எது ஜீப் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அப்படி ஒரு திறமை ஒருவருக்கும் வரக்கூடாது.

முதலில் அவர் இப்படி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரமும் பெனியனுமாகக் காலி வீதிக் கடைக்குப் பாண் வாங்கப் போனார். சண்டைக் காலம், அன்று பார்த்து ஆமியின் சுற்றிவளைப்பு. ஐசி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். தேசிய அடையாள அட்டையைத்தான் கொழும்பில் நாங்கள் ஐசி என்போம். அது வீட்டில், அலுவலகச் சட்டைப் பையில் இருந்தது. பாண் வாங்க ஐசி எதற்கு என்று நினைத்த கடைசிக் காலை அதுதான். செய்தி கேட்டு நான் அட்டையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினேன். அவரை ஏற்றிக்கொண்டு ட்ரக் போய்விட்டது. சில நாள் கழித்து, யார் யாரையோ பிடித்து, ஆளை வெளியே எடுத்தோம். அங்கே என்ன நடந்தது என்று எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன். "விடும், அதெல்லாம் ஏன் இப்ப?" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

அன்றிலிருந்து பை வைத்த சட்டை போடாமல் அவர் கட்டிலில் ஏறுவதில்லை. பைக்குள் ஐசி. இரவில் அலுவலகம் போகிறவர் போல உடுத்திப் படுத்து, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். கொஞ்சம் கண் அயரும், பிறகு திடுக்கிட்டு எழும்பிப் பையைத் தடவுவார். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பிரஷர் நல்லம், இருதயம் நல்லம், பின்னேரங்களில் கடற்கரையில் நடவுங்கள் என்றார் அவர். கடற்கரையில் நடந்தால் அங்கேயும் ஐசி கேட்பார்கள் என்பது அந்த மனிதருக்கு எப்படித் தெரியாமல் போனதோ.

நான் வேலை செய்தது ஒரு ஜப்பான் கம்பனியின் கொழும்பு அலுவலகத்தில். பின்னேர வகுப்புக்குப் போய் ஜப்பான் பாஷையும் கொஞ்சம் பொறுக்கி வைத்திருந்தேன். எங்கள் பழைய மனேஜர் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகும் எங்களை மறக்கவில்லை. அவருடைய அக்கா மலைப் பக்கத்தில் வெந்நீர் ஊற்று விடுதி ஒன்று நடத்துகிறார் என்றும், வந்தே ஆகவேண்டும் என்றும் சொல்லிக்கொண்டே இருந்தார். கம்பனி என்னை டோக்கியோவுக்குப் பயிற்சிக்கு அனுப்பிய வருடம், மனுசனையும் கூட்டிக்கொண்டு வா, முடிவில் இரண்டு இரவு அக்காவின் விடுதியில் நில்லுங்கள், அது என் பொறுப்பு என்றார். இவருக்கு நித்திரை இல்லாத கதை அவருக்குத் தெரியும். "அக்காவின் குளியலில் இறங்கியவன் படுக்கை வரைக்கும் நடந்து போனதாகச் சரித்திரம் இல்லை" என்று தொலைபேசியில் பீற்றிக்கொண்டார்.

மகளைக் கொட்டாஞ்சேனையில் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். மற்றவர்கள் ஜப்பானுக்குப் போனால் கோபுரம் பார்ப்பார்கள், கடை பார்ப்பார்கள். எனக்குப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இந்த மனுசன் ஒரு இரவு, ஒரே ஒரு இரவு, விடியும்வரை நித்திரை கொள்ள வேண்டும். அதற்காக நான் எந்த மலையும் ஏறத் தயாராக இருந்தேன்.

மலையில் முழங்கால் அளவுக்குப் பனி கொட்டிக் கிடந்தது. விடுதி பழைய மர வீடு. வாசலில் மனேஜரின் அக்கா கிமோனோ உடுத்து, முழந்தாளிட்டு, நிலத்தில் தலை முட்டுகிற மாதிரிக் குனிந்து வரவேற்றார். எங்களைவிட இருபது வயதாவது கூடின மனுசி. எனக்குக் கூச்சத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் முழந்தாளிடப் போய், முதுகில் கிடந்த பை முன்னால் விழுந்து அவருடைய கையில் இடித்தது. அவர் அதற்கும் ஒருதரம் குனிந்தார்.

சப்பாத்துகளைக் கழற்றினோம். நாங்கள் திரும்பிப் பார்க்க முன்னம் அவை மறைந்துவிட்டன. அங்கே அதுதான் வழக்கம், வேலையாட்கள் எடுத்து வைத்துவிட்டுப் போகும்போது தருவார்கள்.

"சப்பாத்து எங்கை?" என்று என் காதுக்குள் கேட்டார் மனுசன்.

"எடுத்து வைச்சிருக்கினம். ஏன்?"

"அவசரத்துக்கு ஓட வேண்டி வந்தால்?"

"ஆர் கலைக்கினம் உங்களை? பேசாமல் வாங்கோ."

மேசையில் கடவுச்சீட்டைக் காட்டச் சொன்னார் அந்த அம்மா. கேட்டது கடவுச்சீட்டு மட்டும்தான். இவர் அதை வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஐசியை எடுத்து வைத்தார். பிறகு கொழும்பில் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு, அலுவலகக் கடிதம், வீட்டுச் சொந்தக்காரர் தந்த கடிதம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, ஒழுங்காக மேசையில் அடுக்கினார். வெள்ளவத்தை வீட்டுச் சொந்தக்காரர் சிங்களத்தில் எழுதிய கடிதத்தை ஜப்பான் மலையில் ஆர் வாசிக்கப் போகிறார்கள்? அந்த அம்மா ஒவ்வொன்றையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, இவ்வளவும் காட்டியதற்கு மிகவும் நன்றி என்றார். இவருக்கு ஒரே திருப்தி. நான் சிரிப்பை விழுங்கிக்கொண்டு நின்றேன்.

அறையில் பாய் விரித்த நிலம், ஒரு குட்டை மேசை, சுவரோடு ஒரு அலுமாரி. கதவு என்று இருந்தது கடதாசி ஒட்டிய மரச் சட்டம். ஒரு விரலால் தள்ளினால் திறக்கும். பூட்டும் இல்லை, கொண்டியும் இல்லை. மனுசனுக்குத் தொழில் கட்டட வரைபடம் போடுவது, அந்தத் தச்சு வேலையைத் தடவித் தடவி ரசித்தார். ரசித்து முடிந்ததும் குட்டை மேசையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவுக்கு முண்டு கொடுத்தார்.

உடுத்திக்கொள்ள இருவருக்கும் யுகாதா தந்திருந்தார்கள். பருத்தியில் தைத்த நீள அங்கி, இடுப்பில் ஒரு நாடா. இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொக்கற் இல்லை."

"ஓம், இல்லைதான்."

"பொக்கற் இல்லாமல் ஒரு உடுப்பு எப்பிடித் தைப்பினம்?" என்று ஏதோ அந்த நாட்டின் அரசாங்கமே தவறு செய்துவிட்டது போலக் கேட்டார். கடைசியில் உள்ளே தன் சட்டையைப் போட்டு, அதற்கு மேல் யுகாதாவைச் சுற்றி, கீழே சாரமும் கட்டிக்கொண்டார். மூன்று நாட்டுக் கொடியையும் ஒன்றாக ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. கழுத்துக்குள்ளால் கையை விட்டு ஐசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "சரி, இனிச் சாப்பிடலாம்" என்றார்.

சாப்பாட்டை அறைக்கே கொண்டு வந்தார்கள். மேசையை அவசரமாகக் கதவடியிலிருந்து இழுத்தேன். குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் மீனும் கிழங்கும் காளானும் வந்துகொண்டே இருந்தன. இவர் நன்றாகத்தான் சாப்பிட்டார். கிண்ணங்களை எடுத்துக்கொண்டு அவர்கள் போன பிறகு, நான் காலை நீட்டி இருந்து, இவ்வளவு சாப்பிட்டால் நித்திரை வராமல் எங்கே போகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பதில் சொல்ல முன்னம் கதவு வழுக்கித் திறந்தது. இரண்டு பெண்கள் மளமளவென்று உள்ளே வந்தார்கள். ஒருத்தி மேசையைச் சுவர்ப் பக்கம் நகர்த்தினாள். மற்றவள் நேரே போய் அலுமாரியைத் திறந்து, உள்ளே இருந்ததை எல்லாம் இழுத்து நிலத்தில் போடத் தொடங்கினாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். இவர் எழும்பிச் சுவரோடு நிற்கிறார். வலது கையில் ஐசி, முன்னால் நீட்டியபடி. இதில் சொல்ல வெட்கமான சங்கதி என்னவென்றால், நானும் பக்கத்தில் நிற்கிறேன், என் கைப்பை திறந்திருக்கிறது, என் ஐசியும் கையில் இருக்கிறது. எப்போது எழும்பினேன், எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. ஜப்பான் விடுதிகளில் சாப்பாடு முடிந்ததும் ஆட்கள் வந்து அலுமாரியில் இருக்கும் மெத்தைகளை எடுத்து விரித்துவிட்டுப் போவார்கள் என்று நான் வகுப்பில் படித்திருக்கிறேன். படித்தது தலையில் இருந்தது. கால்கள் வெள்ளவத்தையில் அல்லவா பழகியிருந்தன.

மெத்தை விரிக்க வந்தவர்கள் எங்களைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு மூத்தவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கியது என்று அவள் நினைத்தாள். அந்த நாட்டில் மரியாதைப்பட்டவர்கள் முதன்முதலில் சந்தித்தால் தங்கள் பெயர் அட்டையை நீட்டிக்கொள்வார்கள். அலுவலகத்தில் தினமும் பார்த்த காட்சிதான். அவள் கையில் இருந்த போர்வையைக் கீழே வைத்தாள், கிமோனோவை நேராக்கினாள், இவருக்கு முன்னால் வந்து குனிந்து, ஐசியை இரண்டு கையாலும் வாங்கினாள். சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருந்ததை ஆற அமரப் பார்த்தாள். படத்தைப் பார்த்து, இவருடைய முகத்தைப் பார்த்து, தலையை ஆட்டினாள். பிறகு அதை மற்றவளிடம் இரண்டு கையாலும் கொடுத்தாள். அவளும் குனிந்து வாங்கிப் பார்த்தாள்.

"என்னவாம்?" என்றார் இவர், உதடு அசையாமல்.

"தங்களிட்டைத் திருப்பித் தர கார்ட் இல்லையாம். அதுக்கு மன்னிக்கட்டாம்."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. பாயில் விழுந்து விழுந்து சிரித்தேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. அந்தப் பெண்களும் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள். இவர் மட்டும் அட்டையைத் திரும்ப வாங்கி, துடைத்து, கழுத்துக்குள்ளால் பைக்குள் விட்டார். ஆனால் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்ததை நான் கண்டுவிட்டேன்.

அன்று இவரைக் குளியல் பக்கமே இழுக்க முடியவில்லை. "நீர் போம். நான் சாமான்களைப் பாக்கிறன்" என்றார். நான் தனியாகத்தான் போனேன். உடுப்பு முழுவதையும் கழற்றிக் கூடையில் வைத்துவிட்டு, வெளியே நன்றாகத் தேய்த்துக் குளித்து, அதன் பிறகுதான் பொதுத் தொட்டிக்குள் இறங்கலாம். பெண்கள் பக்கம் வேறு, ஆண்கள் பக்கம் வேறு என்றாலும், கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளித்துப் பழகிய எனக்கு அது லேசான காரியமா? மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். எனக்கு ஒருவரும் தெரியவில்லை. ஆகவே நானும் ஒருவருக்கும் தெரியவில்லை என்று முடிவு செய்தேன். தண்ணீர் சுட்டது, பிறகு சுடவில்லை, பிறகு உடம்பில் எலும்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. மேலே திறந்த வானம், விளிம்பில் பனி. இந்தச் சுகத்தை ஒரு சட்டைப் பைக்காக இழந்துகொண்டு மேலே ஒருத்தர் குந்தியிருக்கிறாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அவர் அந்த இரவும் நித்திரை கொள்ளவில்லை. கூரையிலிருந்து பனிக்கட்டி சரிந்து தொம்மென்று விழுந்த ஒவ்வொரு தரமும் எழும்பி இருந்தாராம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காலையில் சிவந்த கண்ணோடு, "நல்ல இடம். சத்தம் மட்டும் கொஞ்சம் கூட" என்றார். எனக்கு அழுகை வந்தது. இனி ஒரே ஒரு இரவுதான் மிச்சம்.

மத்தியானம் பழைய மனேஜர் வந்து சேர்ந்தார். எழுபது தாண்டியும் கொழும்பு வெயிலில் கறுத்த நிறம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நான் சொல்லாமலே இவருடைய கண்ணைப் பார்த்து நிலைமையைப் புரிந்துகொண்டார். "வா" என்று இவருடைய கையைப் பிடித்தார். வயது போன மனிதர் கையைப் பிடித்து அழைத்தால் உதறிவிட்டு நிற்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. இவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

இனிச் சொல்வது இவரும் மனேஜரும் பிறகு தனித்தனியே எனக்குச் சொன்னது. இரண்டையும் சேர்த்துத்தான் எனக்குக் கதை முழுமையானது.

உடுப்பைக் கூடையில் வை என்றாராம் மனேஜர். பூட்டு இல்லாத கூடை. எல்லாவற்றையும் கழற்றி வைத்தவர், ஐசியை மட்டும் வைக்க மனமில்லாமல், தந்த சின்னத் துவாய்க்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். உள்ளே போனால் துவாயைத் தண்ணீருக்குள் கொண்டுவரக் கூடாதாம். இனி என்ன செய்வது என்று முழித்துக்கொண்டு நின்றவருக்கு வழி காட்டியது அங்கே இருந்த கிழவர்கள்தான். அத்தனை பேரும் துவாயை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இருந்தார்கள். அங்கே அது வழக்கம். இவரும் துவாயை மடித்தார், நடுவில் ஐசியை வைத்தார், தலையில் ஏற்றினார், இறங்கினார்.

"உந்த நாட்டிலை எனக்குப் பிடிச்ச பழக்கம் அது ஒண்டுதான்" என்று பிறகு சொன்னார்.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு ஒரு கிழவர் உள்ளே இறங்கும்போது எல்லாருக்கும் தலை குனிந்து வணக்கம் சொன்னார். பதிலுக்குக் குனியாமல் இருக்க இவரால் முடியுமா? குனிந்தார். துவாய் விழுந்தது, ஐசி வழுக்கித் தண்ணீரில் மிதந்து போனது. படம் மேலே பார்த்தபடி, ஆவிக்குள்ளே, இலங்கைப் பிரஜை ஒருவர் தனியாக நீந்திப் போனார். மனேஜர்தான் எட்டிப் பிடித்து, துவாய்க்குள் திரும்பச் சுருட்டிக் கொடுத்தாராம்.

அப்போதுதான் அவர் இது என்ன, ஏன் என்று கேட்டிருக்கிறார். எனக்குச் சொல்லாத சிலவற்றை இவர் அந்தத் தண்ணீருக்குள் இருந்து அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். எவ்வளவு சொன்னார் என்று நான் கேட்கவில்லை. சொன்னார் என்பதே எனக்குப் போதும். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

மனேஜர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாராம். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்களுடைய நாட்டிலும் போர். குண்டு விழுந்தால் ஆளை அடையாளம் காண வேண்டும் என்று பிள்ளைகளின் சட்டையில் ஒரு துணித் துண்டு தைத்துவிடுவார்களாம். பெயர், விலாசம், இரத்த வகை. அது இல்லாமல் படுக்கப் பயமாம், படுத்தால் தான் ஆர் என்று ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும் என்று.

"பிறகு எப்ப கழட்டினீங்கள்?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"அதுதான் எனக்கும் தெரியாது. கழற்றியது ஞாபகம் இல்லை. ஒரு நாள் பார்த்தால் இல்லை" என்றாராம் மனேஜர். பிறகு இரண்டு பேரும் தோல் சுருங்கும்வரை தண்ணீருக்குள் ஊறிக்கொண்டிருந்தார்கள்.

அறைக்குத் திரும்பி வந்த மனுசனைப் பார்த்து நான் பயந்துபோனேன். அவித்த நண்டு மாதிரி ஒரு சிவப்பு. யுகாதாவை மட்டும் சுற்றியிருந்தார். உள்ளே சட்டை இல்லை, அது கையில் தொங்கியது. "அப்பாடா" என்று யன்னலடியில் இருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றித் திரும்புவதற்குள் ஆள் சரிந்துவிட்டார். வாய் திறந்திருந்தது. பிறகு குறட்டை. கலியாணம் கட்டிய புதிதில், எனக்கு முன்னம் அவர் நித்திரையான நாட்களில், அந்தக் குறட்டைக்காக நான் சண்டை பிடித்திருக்கிறேன். அன்று அது எனக்கு நாதஸ்வரம்.

சாப்பாடு கொண்டு வந்தவர்களிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவர்கள் பூனை மாதிரி நடந்தார்கள். மெத்தை விரிக்க வந்த மூத்தவள், இந்தத் தரம் தட்டக்கூட இல்லை. இவருக்குப் பக்கத்தில் மெத்தையை விரித்து, நானும் அவளுமாக மெதுவாக உருட்டி அதில் ஏற்றி, போர்வை போர்த்தினோம். முனகினார், எழும்பவில்லை. போகும்போது அவள் நித்திரை கொள்கிறவரைப் பார்த்தும் ஒருதரம் குனிந்துவிட்டுப் போனாள். நான் என் பங்குச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். வீணாகக் கூடாது என்று அவருடைய பங்கையும் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு, நித்திரையில் பேர் எடுத்த நான், அந்த அழகைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் முழித்திருந்தேன். கூரையில் பனி சரிந்து விழுந்தது. அவர் அசையவில்லை.

காலையில் என்னை எழுப்பியது அவர்தான். "இஞ்சை, எழும்பும். வெளியிலை வெயில்" என்றார். முகம் தெளிந்திருந்தது. பசிக்குது என்றார். சோறும் மீனும் சூப்பும் சாப்பிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சாமானை அள்ளித் திணித்து, உடுப்பு மாற்றி, சப்பாத்துகளைப் போட்டு, வாசலில் குனிந்தவர்களுக்கெல்லாம் குனிந்து, விடுதி வானில் ஏறினோம். மனேஜர் கையசைத்தார். வழி முழுக்க இவர் அந்தக் கடதாசிக் கதவின் பொருத்து வேலையைப் பற்றியே கதைத்தார். நான் ஓம் ஓம் என்று கேட்டேன்.

சின்ன ஸ்டேஷன். மேடையில் நாங்கள் மட்டும். தூரத்தில் ரயில் வருகிற சத்தம் கேட்கத் தொடங்கியபோது, ஒரு குட்டிக் கார் பனியைச் சிதறிக்கொண்டு வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியது மனேஜரின் அக்கா. மேலே கிமோனோ, காலில் றப்பர் பூட்ஸ். அந்த வயதில், அந்த வழுக்கலில், ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. கையில் சின்னப் பட்டுத் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று.

"துவாய்க் கூடைக்குள் இருந்தது. கவனிக்காமல் விட்டோம். எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று குனிந்து, துணியைப் பிரித்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

ஐசி.

இவருடைய கை நெஞ்சுக்குப் போனது. அந்தக் காலையில் முதல் தரமாகப் போனது. பை வெறுமையாக இருந்தது. முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் இறங்கிப் போனதை நான் பார்த்தேன். நேற்றுப் பின்னேரம் முதல் இப்போது வரைக்கும் அது இல்லாமலே இருந்திருக்கிறார், அது இல்லாமலே நித்திரை கொண்டிருக்கிறார், சோறு சாப்பிட்டிருக்கிறார், தச்சு வேலை கதைத்திருக்கிறார். உண்மையைச் சொன்னால், அந்த நல்ல மனுசி மீது எனக்கு ஒரு கணம் ஆத்திரம் வந்தது. கொஞ்சம் பிந்தி வந்திருக்கக் கூடாதா? ரயில் வெளிக்கிட்ட பிறகு வந்திருக்கக் கூடாதா? அடுத்த கணமே, அது இல்லாமல் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து வெள்ளவத்தைக்கு எப்படிப் போய்ச் சேருவது என்ற நினைப்பு வந்தது. அந்த அம்மாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டேன். அவரும் எதற்கென்று தெரியாமலே கண் கலங்கினார்.

இவர் ஐசியை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி, அப்படியே குனிந்து நின்றார். ரயில் வந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்தார்.

ரயிலுக்குள் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதை ஒருத்தரும் எனக்கு இப்பிடித் திருப்பித் தந்ததில்லை" என்றார்.

கொழும்புக்குக் காலையில் வந்து இறங்கினோம். கட்டுநாயக்கவிலிருந்து வான் பிடித்து வருகிற வழியில் சோதனைச் சாவடி. இறங்கச் சொன்னார்கள். "கோ, ஐசி எக்க?" என்று, ஐசி எங்கே என்பதைச் சிங்களத்தில் கேட்டுக் கையை நீட்டினான் ஒரு இளம் ஆமிக்காரன். இவர் ஐசியை எடுத்தார். ஜப்பானில் பார்த்துப் பார்த்துப் பழகிப்போச்சோ, வேண்டுமென்றுதான் செய்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு கையாலும் நீட்டி, தலையைக் குனிந்தார். நக்கல் அடிக்கிறார் என்று அவன் நினைத்தால் என்ன கதி?

அவன் திகைத்துப் போனான். துவக்கைத் தோளுக்குத் தள்ளினான். எங்கே தன் கையை வைப்பதென்று தெரியாதவன் போல, தானும் இரண்டு கையையும் நீட்டி வாங்கினான். பார்த்தான். பெட்டியில் தொங்கிய விமானத் துண்டைப் பார்த்து, "ஜபான்த?" என்று சிரித்தான். இவரும் சிரித்தார். திருப்பித் தரும்போது அவன் ஒரு கையால்தான் தந்தான். ஆனால் எறியவில்லை.

வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, இவர் சட்டையைக் கழற்றினார். கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினார். ஐசி பைக்குள்ளேயே இருந்தது. பெனியனோடு கட்டிலில் விழுந்தார். "மத்தியானத்துக்கு என்ன சமைக்கிறது?" என்று நான் கேட்டு முடிக்கவில்லை, குறட்டை தொடங்கிவிட்டது. கடலோரப் பாதையால் ரயில் தடதடத்துப் போனது. அவர் திரும்பிப் படுத்தார், அவ்வளவுதான்.

நானும் சரியலாம் என்று தலையணையை எடுத்தேன். அப்போது ஒழுங்கைக்குள் ஒரு வாகனம் வந்து நின்றது. ஓட்டோவா, வானா, ஜீப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தத் திறமை நான் பழகாதது. ஆணியில் இருந்த சட்டைப் பையிலிருந்து அவருடைய ஐசியை எடுத்தேன். என் கைப்பையிலிருந்து என்னுடையதை எடுத்தேன். கதிரையைக் கதவடிக்கு இழுத்துப் போட்டு, இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

வந்தது காஸ் சிலிண்டர் வான். அது போன பிறகும் நான் எழும்பவில்லை. அவர் நித்திரை கொள்ளட்டும். முழித்திருக்க நான் இருக்கிறேன்.